இருநூறு சொற்களுக்குள்

பெயர் தேக்லா.
திபிலீசியின் வடக்கு ஓரம், கில்தானி.
ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள்;
எண்ணை மறந்தால் எல்லாமே நம் வீடு.
எங்களுடையது பதினோராவது மாடி.

பின்னணி கேட்கிறது விண்ணப்பம்.
பின்னணி ஒரு லிஃப்ட்.
ஏறினால் காசு கேட்கும், இறங்கினாலும் கேட்கும்.
பத்து தெத்ரி, ஒற்றை நாணயம்.
சில்லறை இல்லாதவர்களுக்குப் படிக்கட்டு.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவு வேலை.
விடியும்போது வருவாள்.
வெந்நீரில் ஊறிய விரலுக்கு
நாணயத்தின் விளிம்பு தெரியாது.
நழுவும்.
பெட்டிக்கு நேர் கீழே, கதவோரம்
ஒரு விரல் அகல இடைவெளி.
எங்கள் மாடியில் விழுந்த காசு
ஒன்று, இரண்டு என்று சொல்லி
மூன்று வாய்க்கு வருமுன்
அடிக்குழியில் போய்ச் சேரும்.
அவ்வளவு ஆழம்.

எட்டாம் மாடி வாஷாவுக்கு ஒரு கைதான்.
அந்தக் கையில் ரொட்டி.
காசை உதட்டில் கவ்விக்கொண்டு வந்து
பெட்டிக்கு முத்தம் கொடுப்பதுபோல் குனிவார்.
யாரும் சிரித்ததில்லை.
யாரும் எதுவும் செய்ததுமில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரு சார்டின் டப்பாவைப்
பாதியாக வெட்டி
பெட்டிக்குக் கீழே தட்டாகத் திருகினேன்.
விழுவது விழட்டும்,
இங்கேயே கிடக்கட்டும்.
மறுநாளே ஐந்தாம் மாடி மனானாவின் கையுறையை
அதன் விளிம்பு கிழித்தது.
கிழிந்த உறையை எங்கள் கதவுக் கைப்பிடியில்
மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.
திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கழற்றி வந்து சிமெண்டுப் படியில் தேய்த்தேன்,
இரண்டு மாலை, பல் கூசக் கூச.
விளிம்பை உள்ளே மடித்தேன்.
என் கன்னத்தில் உரசிப் பார்த்தேன்.
பிறகுதான் திரும்ப மாட்டினேன்.

உங்கள் தத்துவம் என்ன, ஒரே வரியில்?
கல்லூரியில் வட்டமாக உட்காரவைத்துக் கேட்டார்கள்.
எளிமை என்றான் கோச்சா.
வெற்றிடம்தான் தாளின் மூச்சு என்றாள் ஸோப்போ,
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
கன்னத்தில் உரசிப் பார்க்க வேண்டும் என்றேன்.
சிரிப்பு.
நியாயம்தான்,
எனக்கே சோப்பு விளம்பரம் போலத்தான் கேட்டது.

அழகு வேண்டாம் என்பதில்லை.
எங்கள் எழுத்துகளில் நேர்கோடு அபூர்வம்,
எல்லாம் வளைவு, கொக்கி, வால்.
அந்த வால்களை வரைந்தே
ஒரு குளிர்காலத்தைச் செலவழித்தவள் நான்,
சாப்பாடு ஆறிப்போக.
ஆனால் எதை வரைந்தாலும்
ஊறிய விரல் ஒன்று தாளின் மேல் வந்து
தடுமாறி நிற்கிறது.
இது யாரைக் கிழிக்கும்?
அதற்குப் பதில் கிடைத்த பின்தான் வால்.

தொகுப்பில் சேர்க்க அதைப் படமெடுக்கப் போனேன்.
நாங்கள் ருஸ்தாவிக்கு வீடு மாறி மூன்று வருடம்.
லிஃப்ட் அதேதான்.
காசுப் பெட்டி இல்லை,
அட்டை தொடுவதற்கு ஒரு கறுப்புச் சதுரம்.
தட்டு மட்டும் இருந்தது.
சுவருக்குப் பச்சை அடித்தவர்
தட்டுக்கும் சேர்த்தே அடித்திருந்தார்.
உள்ளே சூரியகாந்தி விதைத் தோல்,
யாரோ மறந்த சாவி,
மேலே பேனாவில்:
இதில் சிகரெட் அணைக்காதீர்கள்.

கேமராவை எடுக்கும்போது வாஷா ஏறினார்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
நீள ரொட்டியின் கூர்முனையைத் தட்டில் ஊன்றி
தோளால் அணைத்துக்கொண்டு
விடுபட்ட கையைப் பைக்குள் விட்டு
அட்டையை எடுத்தார்.
தொட்டார். ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

நான் செய்த தட்டில் ரொட்டிக்கு இடம் யோசித்ததில்லை.
அது அவர் வரைந்தது.
எட்டாம் மாடி வரை
அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்,
படம் எடுக்கத் தோன்றவில்லை.

சொற்கள் இருநூறைத் தாண்டிவிட்டன, தெரியும்.
வெட்டத்தான் வேண்டுமென்றால்
தத்துவத்தை வெட்டிவிடுங்கள்.
ரொட்டி இருக்கட்டும்.